ஹோம் தியேட்டர் கட்டும்போது வல்லுநர்களை எந்த வரிசையில் அழைப்பது, எதை எழுதி வாங்குவது

ஏசி குழாய்க்கு ஒரு ஓட்டை, அலங்கார விளக்குக்கு ஒரு ஓட்டை, கேபிளுக்கு ஒரு ஓட்டை. மூன்று பேர் மூன்று நாளில் போட்டவை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அதற்கு முன் பல வாரம் பாடுபட்டு எழுப்பிய ஒலித்தடுப்பு அன்றோடு வீணாகிவிடும். 60 டெசிபல் (ஒலியளவின் அலகு) தடுக்கும் சுவர் ஒன்றில் நூறில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தால், மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

விலையுயர்ந்த ஸ்பீக்கரும் புரொஜெக்டரும் வாங்கியும் சுமாராக ஒலிக்கும் அறைகளைத் தோண்டிப் பார்த்தால், பிழை பெரும்பாலும் இரண்டு வல்லுநர்களின் வேலைகள் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும். யார் முதலில் முடிவெடுப்பது, யாருடைய வரைபடத்தைப் பார்த்து யார் வரைவது, எந்த எண்ணை எட்டினால் வேலை முடிந்ததாகக் கொள்வது ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொண்டால் மற்றவை சமாளிக்கக்கூடியவை.

விளக்கத்துக்காக ஒரே அறையைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம். ஒலித்தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு உள்ளளவு 7.0 மீட்டர் நீளம், 4.6 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம். இரண்டு வரிசை, எட்டு இருக்கை. இந்த உள்ளளவு கிடைக்க, கட்டுமானத்தில் ஏறத்தாழ 7.3 × 4.9 × 3.1 மீட்டர் அறை வேண்டும். வீட்டின் வரைபடம் உறுதியாவதற்கு முன்பே தியேட்டர் வடிவமைப்பாளர் உள்ளே வரவேண்டும் என்பதற்கு இந்த 30 சென்டிமீட்டரே போதுமான காரணம்.

யாரை முதலில் அழைப்பது

பலர் ஏவி (ஆடியோ-வீடியோ கருவி) கடையிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே வடிவமைப்பு இலவசமாகக் கிடைக்கும். அதற்கான செலவு கருவிகளின் விலைக்குள் அடங்கியிருக்கும். அதனால் அறையைத் திருத்தவேண்டிய இடத்திலும் கருவியை மாற்றச் சொல்லும் யோசனையே வரும். அக்கவுஸ்டிக் (அறையின் ஒலி சார்ந்த) வடிவமைப்புக்குத் தனிக் கட்டணம் கொடுத்து, வரைபடங்களும் கணக்குகளும் உங்கள் கைக்கு வரும்படி செய்துகொள்ளுங்கள். கருவி விற்பவரும் வடிவமைப்பவரும் ஒரே நிறுவனமாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம் இருக்கட்டும்.

நல்ல வரிசை இது: முதலில் அக்கவுஸ்டிக் வடிவமைப்பாளரும் ஆர்க்கிடெக்ட்டும் ஒன்றாக உட்காருவது. அடுத்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். தளத்தின் மேல் மிதக்கும் தளம் (அதிர்வு கடக்காதபடி கட்டடத்திலிருந்து பிரித்து வைக்கும் தரை), இரட்டை ஜிப்சம் போர்டு, பின்வரிசைக்கான படிமேடை எல்லாம் சேர்ந்து எடை கூடும் என்பதால் அவர் பார்த்தாக வேண்டும். பிறகு ஏசி, எலக்ட்ரிக்கல் இன்ஜினீயர்கள். இவர்களுடைய கோடுகள் வரைபடத்தில் விழுந்த பிறகே இன்டீரியர் டிசைனர். கருவிகளைப் பொருத்தும் ஏவி இன்டிகிரேட்டர் வயரிங் வரைபடம் தொடங்கும் நேரத்தில் சேர்ந்தால் போதும். ஒலியையும் படத்தையும் அளந்து சரிசெய்யும் கேலிப்ரேட்டர் கடைசியில்தான் வேலை செய்வார், ஆனால் அவர் அளக்கப்போகும் எண்கள் முதல் மாதத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவர்களில் ஒருவர் மட்டும் ஒருங்கிணைப்பு வரைபடத்துக்குப் பொறுப்பாளி. பெரும்பாலும் அது அக்கவுஸ்டிக் வடிவமைப்பாளராக இருப்பதே நல்லது. ஏசி குழாய், விளக்கு, ஸ்பீக்கர், தீயணைப்பு ஸ்பிரிங்ளர், கண்டியூட் (வயர் செல்லும் குழாய்) எல்லாம் ஒரே தாளில், ஒரே அளவுகோலில் வரும். யார் எதை நகர்த்தினாலும் அந்தத் தாளில் தேதியோடு மாற்றம் பதிவாகிய பிறகே தளத்தில் கை வைக்கலாம். வாய்மொழியாகச் சொல்லி மாற்றிய எதற்கும் பிற்பாடு பொறுப்பேற்க ஆள் இருக்காது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். முன்பு முடித்த இரண்டு அறைகளின் அளவீட்டு அறிக்கை கேளுங்கள்: ஒவ்வொரு இருக்கையிலும் எடுத்த பாஸ் (தாழ்ந்த ஒலி) வரைபடம், பின்னணி இரைச்சல், திரையின் வெளிச்சம். அறிக்கையே இல்லை என்றால், அவர் முடித்த அறைகளை யாரும் அளந்து பார்க்கவில்லை என்று பொருள்.

முதல் கூட்டத்துக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியது

ஒரு பக்கம் போதும். எத்தனை பேர் வழக்கமாக உட்காருவார்கள், அதிகபட்சம் எத்தனை பேர். திரைப்படமா, விளையாட்டா, கேமிங்கா, இசையா, எது அதிகம். இரவு எந்த நேரம் வரை ஓடும், சுவருக்கு அப்பால் யார் தூங்குவார்கள். திரையரங்கு அளவு சத்தம் வேண்டுமா, அதில் பாதி போதுமா. பட்ஜெட்டில் கட்டுமானத்துக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு.

கடைசிக் கேள்வியில்தான் சறுக்குகிறார்கள். கருவிகளை ஐந்து வருடம் கழித்தும் மாற்றலாம். சுவருக்குள் இருக்கும் ஒலித்தடுப்பையும் ஏசி குழாயையும் மாற்ற அறையை இடிக்க வேண்டும். பணம் இறுக்கமாக இருந்தால் கட்டுமானத்தில் கைவைக்காமல் புரொஜெக்டரையோ ஆம்ப்ளிஃபயரையோ ஒரு படி குறைத்து வாங்குங்கள்.

உங்கள் எதிர்பார்ப்பைத் தரவரிசையாகச் சொல்ல, இத்துறைச் சங்கங்களான சீடியாவும் சி.டி.ஏ.வும் சேர்ந்து வெளியிட்ட ஆர்.பி. 22 என்ற பரிந்துரை ஆவணம் உதவும். ஸ்பீக்கர் கோணம், ஒலி அளவு, பின்னணி இரைச்சல், பாஸ் சீர்மை போன்றவற்றை அது நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. “இரண்டாம் நிலை எல்லா இருக்கைக்கும், மூன்றாம் நிலை முதன்மை இருக்கைக்கு” என்று எழுதிவிட்டால், “நல்ல சவுண்ட் வேண்டும்” என்பதைவிட அதில் தெளிவு அதிகம்.

இருக்கையும் திரையும்

கணக்கு இருக்கையிலிருந்து தொடங்க வேண்டும், திரையிலிருந்து அல்ல. நம் அறையில் முன்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி ஒலி ஊடுருவும் திரை. அதன் பின்னால் மூன்று முன் ஸ்பீக்கர்கள். திரையிலிருந்து 3.4 மீட்டரில் முதல் வரிசை, 5.2 மீட்டரில் இரண்டாம் வரிசை. சாய்வு இருக்கைகளுக்கு வரிசை இடைவெளி 1.8 மீட்டர் தேவைப்படும். பின்சுவருக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே 1.2 மீட்டர் மிஞ்சும். அந்த இடைவெளியை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலை சுவரோடு ஒட்டினால் பாஸ் வீங்கும், பின் ஸ்பீக்கர்கள் காதுக்குள் கத்தும்.

3.2 மீட்டர் அகலத் திரை முதல் வரிசைக்கு ஏறத்தாழ 50 டிகிரி, இரண்டாம் வரிசைக்கு 34 டிகிரி காட்சிக்கோணம் தரும். 30 டிகிரிக்குக் கீழே போனால் திரையரங்க உணர்வு போய்விடும். 40 டிகிரியைச் சுற்றி இருப்பது பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும். முதல் வரிசையில் 50 டிகிரி சிலருக்கு அதிகமாகப் படலாம். வெறும் சுவரில் நாடா ஒட்டி, அதே தூரத்தில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

படிமேடையின் உயரத்தைக் குத்துமதிப்பாக வைத்தால் கெடும். கணக்கு எளிது. முதல் வரிசைக்காரரின் கண் தரையிலிருந்து 1.0 மீட்டர், தலை உச்சி 1.12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திரையின் கீழ்விளிம்பு 0.6 மீட்டரில் இருந்தால், அந்த விளிம்பிலிருந்து தலை உச்சியைத் தொட்டுச் செல்லும் கோடு 5.2 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டாம் வரிசையின் கண் அங்கே இருக்க வேண்டும். ஆக மேடை 40 சென்டிமீட்டர். திரையை 0.75 மீட்டருக்கு உயர்த்தினால் 32 சென்டிமீட்டர் போதும். ஆனால் முன்வரிசைக்காரர்கள் கழுத்தைத் தூக்க வேண்டிவரும். இந்த இழுபறியை ஆர்க்கிடெக்ட்டும் வடிவமைப்பாளரும் பக்கவெட்டு வரைபடத்தில் வைத்துத் தீர்க்கட்டும். மேடையைக் காலியாக விடாமல் மினரல் வூல் (கனிமப் பஞ்சு) நிரப்பச் சொல்லுங்கள். வெற்று மேடை நடந்தாலே மேளம்போல் அதிரும்.

வெளிச்சக் கணக்கும் இங்கேயே முடிகிறது. புரொஜெக்டர் தரும் ஒளியின் அளவான லூமெனை, திரை ஒளியைத் திருப்பித் தரும் திறனான கெயினால் பெருக்கி, பரப்பாலும் 3.14-ஆலும் வகுத்தால் திரையின் பிரகாச அளவான நிட்ஸ். 3.2 × 1.8 மீட்டர் திரையின் பரப்பு 5.76 சதுர மீட்டர். 2,000 லூமென், கெயின் 1.0 என்றால் 110 நிட்ஸ். ஒலி ஊடுருவும் நெசவுத் திரையின் கெயின் 0.85 ஆனால் 94. வழக்கமான டிஜிட்டல் சினிமாவின் தரம் 48 நிட்ஸ், டால்பியின் உயர்தர அரங்கான டால்பி சினிமாவில் ஏறத்தாழ 108. வீட்டில் எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் வித்தியாசம் அதிகமுள்ள) படம் நன்றாகத் தெரிய 100-ஐ நெருங்குவது நல்ல இலக்கு. கணக்கில் போடவேண்டியது கேலிப்ரேட் செய்தபின் மிஞ்சும் லூமென். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் அதைவிடக் கணிசமாக அதிகமாகவே இருக்கும்.

ஒலித்தடுப்பு

இங்கே நாலு விஷயம் இருக்கிறது: எடை, இடைவெளி, இணைப்பின்மை, காற்றுப்புகாமை. ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றின் பலன் குறையும்.

செங்கல் சுவரின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள இரட்டை ஜிப்சம் போர்டை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினால், அந்த அமைப்பு ஏறத்தாழ 44 ஹெர்ட்ஸில் (ஒலியின் அதிர்வெண் அலகு) ஒத்ததிரும், அதாவது அந்த ஒலியோடு தானும் சேர்ந்து அதிரும். அதற்கு நன்றாக மேலே உள்ள ஒலியைத்தான் அது திறமையாகத் தடுக்கும். இடத்தை மிச்சப்படுத்த இடைவெளியை 2.5 சென்டிமீட்டராக்கினால் ஒத்ததிர்வு 89 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதாவது திரைப்படத்தின் வெடிச்சத்தம் இருக்கும் இடத்துக்கே. சில அறைகளில் வெறும் சுவரை விட மோசமாகிவிடுவது இதனால்தான். உள்ளே மினரல் வூல் நிரப்பி, போர்டைச் சட்டத்தோடு நேராகப் பிணைக்காமல் ரப்பர் கிளிப்பும் ஹேட் சேனலும் (தொப்பி வடிவ உலோகப் பட்டை) வைத்துத் தொங்கவிட வேண்டும். அல்லது சுவரைத் தொடாத தனிச்சட்டம் எழுப்ப வேண்டும். ஒரே ஒரு நீள ஸ்க்ரூ சட்டத்தைத் தாண்டிச் சுவரில் போய் நின்றால் அந்த இடம் பாலமாகிவிடும். ஸ்க்ரூவின் நீளத்தை வரைபடத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

சுவரின் ஒலித்தடுப்பை ஒரே எண்ணில் சொல்லும் எஸ்.டி.சி. மதிப்பை மட்டும் நம்பிச் சுவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த மதிப்பீடு 125 ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்குகிறது. அண்டை அறைக்குப் போய்த் தொல்லை தரும் 30, 40 ஹெர்ட்ஸ் அதில் இல்லவே இல்லை. வடிவமைப்பாளரிடம் தாழ்ந்த அதிர்வெண்களுக்கான தடுப்புக் கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.

கதவுதான் வழக்கமான பலவீனம். 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் அடியில் 5 மில்லிமீட்டர் சந்து இருந்தால், கதவு எவ்வளவு கனமானாலும் தடுப்பு ஏறத்தாழ 26 டெசிபலைத் தாண்டாது. முழுக்கட்டைக் கதவு, நான்கு பக்கமும் ரப்பர் சீல், மூடும்போது தானே கீழிறங்கும் அடிச்சீல் மூன்றும் வேண்டும். இடம் இருந்தால் நடுவே சிறிய நடையோடு இரண்டு கதவுகள் வைப்பது இன்னும் நல்லது. கதவு எங்கே வரும் என்பதும் ஆர்க்கிடெக்ட் தனியாக முடிவுசெய்யக் கூடாத ஒன்று. காரணம் கீழே சப்வூஃபர் (பாஸ் ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) பகுதியில் வருகிறது.

ஒலித்தடுப்புக் கூரையில் விளக்குக்கோ ஸ்பீக்கருக்கோ வெட்டுவது கூடவே கூடாது. அந்தக் கூட்டை முழுதாக மூடி முடித்துவிட்டு, அதற்குள்ளே 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு இரண்டாவது உள்ளுறை அமைக்க வேண்டும். ஸ்பீக்கர், விளக்கு, வயர், உறிஞ்சும் பலகை எல்லாம் இந்த இடைவெளியில் குடியிருக்கும். இன்டீரியர் டிசைனருக்குக் கிடைப்பது இந்த உள்ளுறையின் முகம்தான்.

ஏசி: அதிகம் பிசகும் இடம்

காற்றுப்புகாமல் அடைத்த அறையில் ஏசியோடு புதுக்காற்றும் வேண்டும். ஒருவருக்கு வினாடிக்கு 8 முதல் 10 லிட்டர் வெளிக்காற்று என்று கணக்கிடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது மணி நேரத்தில் எல்லோருக்கும் தூக்கம் வரும், படத்தைக் குறைசொல்வார்கள்.

வெப்பக் கணக்கு: எட்டுப் பேர் ஆளுக்கு 70 வாட், புரொஜெக்டர் 450, விளக்கும் மற்றதும் 100. மொத்தம் ஏறத்தாழ 1.1 கிலோவாட். சுவர் வழி வருவதையும் சேர்த்து 1.2 என்று வைத்துக்கொள்ளலாம். மனித ஈரப்பதத்தை அகற்றும் சுமை தனி. ஆம்ப்ளிஃபயர் ரேக்கை அறைக்கு வெளியே வைத்துவிட்டால் அதன் வெப்பமும் விசிறிச்சத்தமும் உள்ளே வராது. ஆனால் ரேக் அறைக்கும் குளிர்ச்சி வேண்டும். அதை மறந்து மூடிய அலமாரியில் வைத்தால் கோடையில் ஆம்ப்ளிஃபயர் தானாக நிற்கும்.

1.2 கிலோவாட்டை 10 டிகிரி வித்தியாசத்தில் வெளியேற்ற வினாடிக்கு ஏறத்தாழ 100 லிட்டர் காற்று வேண்டும். இரைச்சல் இல்லாமலிருக்க, கிரில்லில் காற்றின் வேகம் வினாடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அப்படியானால் கிரில்லின் திறந்த பரப்பு மட்டும் ஏறத்தாழ 0.07 சதுர மீட்டர். காற்று திரும்பும் பக்கமும் அதே அளவு. வழக்கமாக ஏசி இன்ஜினீயர் சிறிய கிரில்லும் வேகக் காற்றும் வைத்துத்தான் வரைவார். சாதாரண அறைக்கு அது தப்பில்லை. தியேட்டருக்கு என்.சி. 20 (பின்னணி இரைச்சலின் அளவுகோல், எண் குறைய அமைதி கூடும்) என்ற வரம்பை அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதினால்தான் குழாயின் அளவு மாறும். குழாயின் உட்புறம் உறிஞ்சும் உறை, குறைந்தது இரண்டு வளைவு, கருவியோடு சேருமிடத்தில் துணி இணைப்பு, சுவரைத் துளைக்குமிடத்தில் போர்டால் செய்த ஒலித்தடுப்புப் பெட்டி. இவை இல்லாத குழாய் அடுத்த அறைக்குத் திறந்த ஜன்னல்.

தேவைக்கு மேல் பெரிய ஏசி போடுவதும் தவறு. சீக்கிரம் குளிரவைத்து நின்றுவிடும், ஈரப்பதம் அகலாது, மறுபடி மறுபடி ஓடி நிற்கும் சத்தம் வசனத்தின் நடுவே கேட்கும்.

பாஸ், சப்வூஃபர், கதவு

அறையின் நீளம் 7 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் முதல் நீளவாட்டு ஒத்ததிர்வு 24.5 ஹெர்ட்ஸ், இரண்டாவது 49. அகலத்துக்கு 37.3, உயரத்துக்கு 61.3. இந்த அளவு அறையில் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்பீக்கரை விட அறைதான் ஒலியைத் தீர்மானிக்கிறது.

முன்சுவர் நடுவிலும் பின்சுவர் நடுவிலும் ஒவ்வொரு சப்வூஃபர் வைத்து ஒன்றாக இயக்கினால் 24.5 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு பெருமளவு அடங்கும். ஏனென்றால் இரண்டு முனையிலும் அதன் அழுத்தம் எதிரெதிர். 49 ஹெர்ட்ஸ் மட்டும் அடங்காது. முன்சுவரிலிருந்து 1.75 மீட்டரிலும் 5.25 மீட்டரிலும் அதன் பள்ளம், அதாவது அந்த ஒலி அமுங்கிப்போகும் இடம், விழும். நம் இரண்டாம் வரிசை அந்தச் சுவரிலிருந்து 5.8 மீட்டரில் (திரையிலிருந்து 5.2) இருப்பது இதனால்தான். “கொஞ்சம் நடக்க இடம் வேண்டும்” என்று யாராவது அதை அரை மீட்டர் முன்னே தள்ளினால் நேராகப் பள்ளத்தில் விழும். பக்கச் சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் 49 ஹெர்ட்ஸும் அடங்கும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: செவ்வக அறையில் நான்கு சுவர்களின் நடுவிலோ நான்கு மூலைகளிலோ நான்கு சப்வூஃபர்கள். அதற்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டுவதில் ஆதாயம் குறைவு.

இப்போது கதவுக்கு வருவோம். ஆர்க்கிடெக்ட் கதவைப் பக்கச் சுவரின் நடுவில் வைத்துவிட்டால் ஒரு சப்வூஃபருக்கு இடம் போயிற்று. வீட்டு வரைபடத்தில் கதவை ஒரு மீட்டர் நகர்த்துவது ஐந்து நிமிட வேலை, கட்டிய பிறகு முடியாத வேலை.

பள்ளத்தை ஈக்வலைசரால் (குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைக்கும் வசதி) நிரப்ப முடியாது. கூட்டக் கூட்ட ஆம்ப்ளிஃபயரின் சக்திதான் செலவாகும், அந்த இருக்கையில் ஒலி வராது. ஒலி வீங்கும் மேட்டை மட்டும்தான் வெட்டலாம். ஆகவே இடம் முதலில், ஈக்வலைசர் கடைசியில்.

மேல் அதிர்வெண்களுக்கு எதிரொலி நேரம் முக்கியம். ஒலிச் சோதனை அறைகளுக்கான ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) சூத்திரத்தின்படி 90 கனமீட்டர் அறைக்கு ஏறத்தாழ 0.24 வினாடி. அதற்காகச் சுவர் முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டாதீர்கள். அது உச்ச ஒலியை மட்டும் விழுங்கி, நடு ஒலியை அப்படியே விட்டு, அறையை மந்தமாக்கும். ஸ்பீக்கரின் ஒலி சுவரில் பட்டு முதலில் திரும்பும் இடங்களில் 10 சென்டிமீட்டர் தடிமன் உறிஞ்சி, மூலைகளில் அதைவிடத் தடிமனானது, பின்பகுதியில் சிதறடிப்பான்கள். மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது வடிவமைப்பாளரின் வேலை.

ஸ்பீக்கரின் சக்தியையும் கணக்குப் பாருங்கள். திரையரங்கத் தரத்தில் ஒவ்வொரு முதன்மை சேனலும் இருக்கையில் 105 டெசிபல் உச்சம் தர வேண்டும், எல்.எஃப்.இ. (தாழ்ந்த ஒலி விளைவுகளுக்கான) சேனல் 115. 4 மீட்டர் தூரத்தில் 12 டெசிபல் இழப்பு என்றால் 1 மீட்டரில் 117 வேண்டும். 1 வாட்டில் 1 மீட்டரில் 90 டெசிபல் தரும் திறனுள்ள ஸ்பீக்கருக்கு அதற்கு 500 வாட். 96 டெசிபல் திறனுள்ளதற்கு 126 வாட் போதும். அறை கொஞ்சம் கைகொடுக்கும் என்றாலும், இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தே ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

இன்டீரியர் டிசைனருக்குக் கொடுக்கும் தாள்

அழகைப் பற்றிய சண்டை பெரும்பாலும் தாமதமாகத் தகவல் சொல்வதால் வருவது. முதல் நாளே அவரிடம் தடைப்பகுதி வரைபடம் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். உதாரணமாகக் கூரை ஸ்பீக்கர்கள்: காது 1.0 மீட்டரில், ஸ்பீக்கர் 2.7 மீட்டரில் என்றால், 45 டிகிரிக்கு முதன்மை இருக்கையிலிருந்து முன்னும் பின்னும் 1.7 மீட்டர். முதன்மை இருக்கை உள்ள முதல் வரிசை முன்சுவரிலிருந்து 4.0 மீட்டரில் இருப்பதால் ஸ்பீக்கர்கள் 2.3, 5.7 மீட்டரில் வரும். அந்த இடங்களில் உத்தரமோ தொங்குவிளக்கோ கிரில்லோ வரக்கூடாது. பின்ஜோடி இரண்டாம் வரிசையின் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதையும் கவனியுங்கள். இரண்டு வரிசைக்கும் நியாயம் செய்ய ஆறு கூரை ஸ்பீக்கர்கள் வைத்து, கடைசி ஜோடியைப் பின்னே தள்ளுவது சரியான வழி.

துணி ஒலி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். வாயில் வைத்து ஊதினால் காற்று தடையின்றிப் போகவேண்டும், அதன் பிறகு மாதிரியை அளந்து பார்க்க வேண்டும். திரையைச் சுற்றியும் கூரையின் முன்பகுதியிலும் அடர்நிறம், பளபளப்பில்லாதது. வெள்ளைக் கூரை திரையின் வெளிச்சத்தைத் திருப்பியடித்துக் கறுப்பைச் சாம்பலாக்கும். எவ்வளவு விலை புரொஜெக்டரானாலும் அதைத் தடுக்க முடியாது. நிறம், மரம், வெளிச்சக் கோடுகள், இருக்கையின் தோல் எல்லாவற்றிலும் டிசைனருக்கு முழுச் சுதந்திரம் கொடுங்கள்.

கேபிளும் மின்சாரமும்

எச்.டி.எம்.ஐ.யை எப்போதும் கண்டியூட் வழியாக, 50 மில்லிமீட்டர் விட்டம், கூர்வளைவு இல்லாமல், உள்ளே ஒரு இழுகயிறு போட்டு வையுங்கள். வினாடிக்கு 48 கிகாபிட் வேகத்துக்குச் செம்புக் கேபிள் 3 மீட்டருக்கு மேல் நம்பகமல்ல. நீளத்துக்கு ஆப்டிகல் கேபிள். அதற்குத் திசை உண்டு. தலைகீழாக இழுத்துவிட்டால் படம் வராது. இழுக்கும் முன் இரு முனையையும் இணைத்துச் சோதியுங்கள்.

ஸ்பீக்கர் வயரின் மின்தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 15 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 8 ஓமுக்குத் தாராளம். 4 ஓமுக்கு எல்லையைத் தொடும் என்பதால் 4 சதுர மில்லிமீட்டர். ஆடியோ கருவிகள் எல்லாம் ஒரே ஃபேஸ், ஒரே எர்த்தில். வெவ்வேறு எர்த்தில் நின்றால் இணைப்பு வயர் வழியே ரீங்காரம் வரும். விளக்கு டிம்மர்களுக்குத் தனி சர்க்யூட்.

கட்டும்போது வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

ஒப்பந்தத்தில் இவற்றை எழுதுங்கள். வடிவமைப்பாளர் நேரில் வந்து கையெழுத்திடாமல் அடுத்த வேலை தொடங்கக் கூடாது. தவணைப் பணத்தையும் இவற்றோடு கட்டிவிடலாம்.

1. சட்டம் எழுந்தபின், போர்டு அடிக்கும் முன். சட்டம் எங்காவது பழைய சுவரைத் தொடுகிறதா, கண்டியூட்கள் வரைபடப்படி வந்தனவா. அளவுநாடா தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வையுங்கள்.

2. முதல் அடுக்கு போர்டு முடிந்தபின். விளிம்புகளில் இறுகாத அக்கவுஸ்டிக் சீலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் ஒரு பக்கம் விளக்கேற்றினால் ஒளி கசியும் இடமெல்லாம் ஒலியும் கசியும்.

3. துணி மூடும் முன். சப்வூஃபர்களைக் கொண்டுவந்து வைத்து, 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை உரக்க ஓட்டுங்கள். கிரில், விளக்குவளையம், கேபிள் தட்டு, கதவுக் கைப்பிடி எது நடுங்கினாலும் தெரிந்துவிடும். இப்போது ஒரு ஃபெல்ட் துண்டு போதும், துணி ஒட்டிய பிறகு சுவரைப் பிரிக்க வேண்டும். ஏசியை முழுவேகத்தில் ஓட்டி இரைச்சலையும் அன்றே அளந்துவிடுங்கள். கட்டுமான அட்டவணை பின்தங்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்தச் சோதனைதான். விடாதீர்கள்.

ஏற்பு எண்களும் கேலிப்ரேஷனும்

“திருப்தியாக முடித்துத் தருதல்” என்ற வாசகத்தை எடுத்துவிட்டு எண்களை எழுதுங்கள். நம் அறைக்கு இப்படி இருக்கலாம்: ஏசியும் புரொஜெக்டரும் ஓடும்போது என்.சி. 20. முதன்மை இருக்கையில் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை, ஒப்புக்கொண்ட இலக்குக் கோட்டிலிருந்து கூடவோ குறையவோ 3 டெசிபல். முன் சேனல்கள் 105 டெசிபல் உச்சத்தைச் சிதையாமல் தருவது. உள்ளே 85 டெசிபல் ஓடும்போது பக்கத்துப் படுக்கையறையில் 25 டெசிபலுக்குள். திரையில் 90 நிட்ஸுக்குக் குறையாமல். எந்தக் கருவியால், எந்த ஸ்மூத்திங்கில் (வரைபடத்தின் ஏற்ற இறக்கங்களை மழுங்கடிக்கும் அளவு) அளப்பது என்பதையும் எழுதுங்கள், இல்லையென்றால் வரைபடத்தை மழுப்பி அழகாக்கிக் காட்ட முடியும்.

கேலிப்ரேட்டர் முதலில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் சரியான இணைப்பில், சரியான துருவத்தில் (பிளஸ், மைனஸ் மாறாமல்) இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு தூரமும் அளவும். அடுத்து சப்வூஃபர்களை ஒன்றோடொன்று நேரம் பொருத்தி, முன் ஸ்பீக்கர்களோடு சேரும் இடத்தைச் சரிசெய்வார். அதன்பின்தான் டிராக், டிரின்னோவ், ஆடிஸி போன்ற திருத்த மென்பொருள். தானியங்கித் திருத்தத்தை மட்டும் ஓட்டிவிட்டுக் கிளம்புபவருக்கு முழுக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இருக்கையிலும் மைக் வைத்து, திருத்தத்துக்கு முன், பின் என இரண்டு வரைபடமும் தரவேண்டும். படத்துக்கு உங்கள் திரையில், உங்கள் அறை வெளிச்சத்தில், டி65 என்ற தர வெண்மைக்கு அளந்து சரிசெய்ய வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: கட்டியபடி திருத்திய வரைபடங்கள், சுவர்ப்படங்கள், ஒவ்வொரு கேபிளின் எண்ணும் இரு முனைகளும், ப்ராசஸர், புரொஜெக்டர், கன்ட்ரோல் சிஸ்டம் ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகள், எல்லாக் கடவுச்சொற்களும், துணி, பெயின்ட் உதிரிகள். புரொஜெக்டர், ஏசி வடிகட்டிகளைச் சுத்தம் செய்யும் அட்டவணையும் வேண்டும். இருக்கையோ தரைவிரிப்போ மாறினால் பாஸ் நேரத்தையும் அளவையும் மறுபடி அளக்க ஒரு நாள் வருகையை இப்போதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.